ஏ கேன், பி கேன்

சமாதானபுரத்தில் ஒரு மொட்டைமாடி.
பன்னிரண்டு குழாய், குழாய்க்குப் பதினெட்டு ஓட்டை,
ஓட்டைக்கு ஒரு புதினா.
மண் ஒரு கைப்பிடிகூட மேலே வரவில்லை.
படியேறி நான் சுமந்து வந்ததெல்லாம் உப்பு.

ஏ கேனில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும்.
பி கேனில் மற்றதெல்லாம்:
மக்னீசியம், பொட்டாஷ், பாஸ்பேட்,
கடுகில் பாதி போரான்.
இரண்டையும் நேருக்கு நேர் ஊற்றினால்
சுண்ணாம்பாய்த் திரிந்து அடியில் உட்கார்ந்துவிடும்.
நடுவில் நிறையத் தண்ணீர் இருந்தால்
ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஓடும்.
குடும்பமும் அப்படித்தான் என்றார் என் கொழுந்தனார்.
உப்பைப் பற்றிப் பேசும்போது
உப்பைப் பற்றி மட்டும் பேசலாம் என்றேன்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் எனக்குப்
பிப்பெட் கழுவுகிற வேலை.
பதினோரு வருஷமாய்
நிறம் மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.
மதிப்பெண் மற்றவர்களுக்கு.

முதல் தடவை ஆழ்குழாய்த் தண்ணீர்.
ஆறாம் நாள் கொழுந்து வெளுத்தது,
நரம்பு மட்டும் பச்சை,
படம் வரைய ஆரம்பித்த யாரோ
கோட்டோடு எழுந்து போன மாதிரி.
இரும்பு போதவில்லை என்று இன்னும் இரும்பு போட்டேன்.
இன்னும் வெளுத்தது.
பி.எச். ஏழே முக்காலில் நின்றது.
இரும்பு இருந்தது,
வேர் குடிக்கிற வடிவத்தில் இல்லை.
பாஸ்பாரிக் அமிலம் சொட்டுச் சொட்டாய்,
ஆறுக்கு இறங்கும்வரை.
அப்புறம் ஒன்றுவிட்ட நாள் வரும் தாமிரபரணித் தண்ணீருக்கு மாறினேன்.
நாலு சொட்டு போதும்,
சொன்னால் கேட்கிற தண்ணீர்.
புதிதாய் வந்தது பச்சையாய் வந்தது.
வெளுத்தது அரைகுறையாய்த் தேறியது.

பிறகு ஆசை.
ஒன்று புள்ளி எட்டில் இருந்த மீட்டரை
நைட்ரேட்டாலேயே இரண்டு புள்ளி ஆறுக்கு ஏற்றினேன்.
இலை விரிந்தது, இன்னும் விரிந்தது.
மேலப்பாளையத்துக்குப் பதினைந்து கட்டு.
பிரியாணி மாஸ்டர் மீராசா
ஒன்றைக் கசக்கி மூக்கில் வைத்தார்.
"இலை ஆனைக்காது கணக்கா இருக்கு டீச்சரம்மா.
மணத்த எங்க வச்சிட்டு வந்தீய?"
நான் டீச்சர் இல்லை என்று திருத்த
அது நேரமில்லை.
பதினைந்து கட்டும் மறுபடி ஸ்கூட்டியில் ஏறின.

சித்திரையில் இரண்டு மாதச் சம்பளம் நின்றது.
நைட்ரேட் மூட்டையின் அடி தெரிந்தது.
ஏ-வைப் பாதியாக்கினேன்.
ஆராய்ச்சியில்லை, கையில் காசில்லை.
இலை சிறுத்தது. தண்டு கருஞ்சிவப்பு.
தோற்ற செடி என்றுதான் நினைத்தேன்,
பாசி துடைக்கக் குழாய்க்குள் கைவிடும்வரை.
மணம் முழங்கைவரை ஏறிற்று.
சோப்புக்குப் போகவில்லை.
ஸ்கூட்டிச் சாவியில் இருந்தது,
மறுநாள் வருகைப் பதிவேட்டில் இருந்தது.

மீராசா இந்தத் தடவை கசக்கினார்,
பேசவில்லை.
கசக்கியதைக் கீழே போடாமல் தேக்சாவில் போட்டார்.
"எடை குறையுதே" என்றேன், நானே.
"எடைக்குக் கறி இருக்குல்லா" என்றார்.

'எப்சிபா, மொட்டைமாடி' என்று அட்டையில் எழுதிய நோட்டில்
அன்று ராத்திரி எழுதினேன்:
நைட்ரஜன் பாதி. எடை மூன்றில் இரண்டு. மணம் கூடுதல்.
காரணம்
என்று எழுதியதும் பேனா நின்றது.
அந்த மாதம் வெயிலும் கூடியிருந்தது.
தொட்டி வற்றிக் கரைசலும் கெட்டிப்பட்டிருந்தது.
மோட்டார் ஓடாத இரண்டு மத்தியானம்
வேர் காற்றில் தொங்கியிருந்தது.
யார் செய்த வேலை இது?
கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது ஒன்பது குழாயில் மெலிந்த கரைசல்.
இரண்டில் நடுவாந்தரம்.
கடைசிக் குழாய் மட்டும்
பழைய கொழுத்த கணக்கிலேயே ஓடுகிறது,
ஒப்பிட்டுப் பார்க்க.
அதன் இலையைப் பின்வீட்டு ஆடு தின்கிறது.
மணம் பற்றி அது
இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.